பானை ஓட்டில் தானியத் தடம்: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிபார்ப்பது

ஒரு பழைய பானை ஓட்டைக் கையில் எடுக்கிறீர்கள். உடைந்த விளிம்பில் நெல்மணி அளவுக்கு ஒரு குழி. "நெல்தான்" என்று வாய் சொல்லிவிடுகிறது. அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். இந்த வேலையில் நடக்கும் பிழைகளில் பாதி, பெயரை முதலில் சொல்லிவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடுவதால் வருகிறது.

தடம் விழும் விதம் எளிமையானது. குயவர் மண் பிசைகிறார். பக்கத்தில் களம் இருக்கிறது. உமியோ மணியோ மண்ணில் சேர்ந்துகொள்கிறது. சில சமயம் மண் வெடிக்காமல் இருக்க அவரே உமியைக் கலக்கிறார். ஈரப்பானையைக் காயவைத்த தரையில் கிடந்த தானியம் அடிப்பக்கத்தில் ஒட்டுவதும் உண்டு. சூளையில் தானியம் எரிந்துவிடும். அது இருந்த இடம் மட்டும் குழியாக நிற்கும். மூவாயிரம் வருடம் கழித்து நாம் பார்ப்பது தானியத்தை அல்ல, அது விட்டுப்போன இடத்தை.

பழைய வட ஆற்காட்டில் இந்த வேலைக்கு நல்ல காரணம் இருக்கிறது. இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் பையம்பள்ளியில் 1960-களில் எஸ். ஆர். ராவ் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. புதிய கற்கால மக்களின் குழிவீடுகள், கையால் வனைந்த சாம்பல் நிறப் பானைகள், அதற்கு மேல் அடுக்கில் பெருங்கற்காலக் கறுப்பு-சிவப்புப் பானைகள் எல்லாம் அங்கே கிடைத்தன. கருகிய கொள்ளு, பச்சைப்பயறு, கேழ்வரகு கிடைத்ததாகவும் பதிவு உண்டு. வேலூர் பக்கம் அப்புக்கல்லுவில் சென்னைப் பல்கலைக்கழகம் தோண்டியது. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் மெருகேற்றிய கற்கோடரிகளை இன்றும் கோயில்களில் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தக் கோடரிக்காரர்கள் என்ன விதைத்தார்கள் என்ற கேள்விக்கு, கருகிய மணிகளுக்கு அடுத்தபடியாகச் சாட்சி சொல்லக்கூடியவை இந்த ஓடுகள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் கிடக்கும் ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ வேலூர் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். இடம் தெரியாத ஓட்டில் எவ்வளவு அழகான நெல் தடம் இருந்தாலும் அதற்கு வயது கிடையாது. கீழே சொல்வதெல்லாம் அடுக்கு எண்ணும் அகழாய்வுக் குழி எண்ணும் எழுதியிருக்கும் ஓடுகளுக்கு, அதுவும் பொறுப்பில் இருப்பவர் அனுமதி தந்த பிறகு.

தொடங்கும் முன்: ஒப்பிட என்ன வைத்திருக்கிறீர்கள்?

பத்து மடங்கு கைலென்ஸ், கணினியில் செருகும் சின்ன நுண்ணோக்கி, ஒரு டார்ச், குழிக்குள் விட்டு வார்ப்பு எடுக்கப் பல் மருத்துவர்கள் அளவெடுக்கும் சிலிக்கோன், மென்மையான தூரிகை, மூங்கில் குச்சி. கருவி இவ்வளவுதான். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒப்பீட்டுத் தட்டு. அது இல்லாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம் என்பேன்.

நான் செய்தது இப்படி. குடியாத்தம் பக்கத்தில் பானை செய்யும் ஒருவரிடம் போனேன். "அண்ணா, உங்க மண்ணுல கொஞ்சம் தானியத்தை அழுத்திச் சுட்டுத் தர முடியுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நாங்க மண்ணுல கல்லு, தவசம் இல்லாமப் பொறுக்குறோம். நீ போடச் சொல்றியே" என்றார். ஆனாலும் செய்து தந்தார். உள்ளங்கை அகலத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரே தானியம், ஆனால் பல நிலைகளில்: உமியோடு, உமி நீக்கி, உமி மட்டும், காம்போடு, படுக்கையாக, நட்டுக்குத்தலாக. நெல், கேழ்வரகு, சாமை, தினை, வரகு, குதிரைவாலி, கம்பு, சோளம், கொள்ளு, பச்சைப்பயறு, உளுந்து, துவரை. சாமை ஜவ்வாது மலையிலிருந்து வந்தது. மற்றவை சந்தையில் வாங்கியவை. சந்தையில் விற்கும் சிறுதானியம் பெரும்பாலும் தீட்டியது. அதில் உமி இருக்காது. கதிராகவோ விதைக்கென்று எடுத்து வைத்ததாகவோ கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தட்டுகள் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தப் படமும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரே சாமை நான்கு கோணத்தில் நான்கு வேறு தானியம்போல் விழுந்திருந்தது.

படத்தில் குழி மேடாகத் தெரிகிறது

வெளிச்சம் கீழிருந்தோ வலப்பக்கத்திலிருந்தோ வந்தால் நம் கண் ஏமாறும். குழி மேடாகும், மேடு குழியாகும். டார்ச்சை இடது மேல் பக்கத்தில், ஓட்டுக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடியுங்கள். வெளிச்சம் நேர்மேலிருந்து விழுந்தால் மேற்பரப்பின் வரிகள் எல்லாம் மறைந்துவிடும். ஒரே தடத்தை நான்கு திசை வெளிச்சத்தில் நான்கு படம் எடுத்து வைத்தால் பின்னால் சண்டை வராது.

தானிய வடிவம் இருக்கிறது, உள்ளே எந்தக் கோடும் இல்லை

வடிவத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்லக் கூடாது. மூன்று விஷயங்களைச் சந்தேகியுங்கள்.

முதலாவது காற்றுக்குமிழி. உள்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். சக்கரத்தில் வனைந்த பானை என்றால் சுற்றிய திசையிலேயே நீண்டிருக்கும். பக்கத்தில் அதேபோல் இன்னும் பல இருக்கும்.

இரண்டாவது உதிர்ந்த கல். நம் பக்கம் கருங்கல் பூமி. பாலாற்று மணலிலும் ஏரி வண்டலிலும் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் துணுக்குகள் ஏராளம். மண்ணில் கலந்த கல் உதிர்ந்தால் குழியின் அடியில் தட்டையான முகமும் கூரான மூலையும் தெரியும். தானியத்துக்கு அப்படி மூலை கிடையாது.

மூன்றாவது, உண்மையான தானியமே, ஆனால் மண் ரொம்பக் கரடு. மணல் அதிகமான மண் நுண்ணிய வரிகளை வாங்காது. இந்த ஓட்டில் எவ்வளவு தேடினாலும் வரி கிடைக்காது. "தானியம் போன்ற குழி" என்று எழுதிவிட்டு அடுத்த ஓட்டுக்குப் போங்கள். அதே பானையின் வேறு துண்டில் நல்ல களிமண் பூச்சு இருக்கும் இடம் கிடைக்கலாம்.

குழிக்குள் வெள்ளையாக ஏதோ இருக்கிறது

நிறுத்துங்கள். தூரிகையைக் கீழே வையுங்கள். பலரும் இதை மண் என்று நினைத்துச் சுரண்டிவிடுகிறார்கள். உமி எரிந்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது தீயில் அழியாது. குழிக்குள் இருக்கும் அந்த வெள்ளைப் படலம் உமியின் எலும்புக்கூடாகவே இருக்கலாம். அதிலிருந்து ஃபைட்டோலித் எனப்படும் தாவரச் சிலிக்காத் துகள்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். நெல் உமியின் துகளில் இரட்டை முகடு தெரியும். வடிவம் குழப்பினாலும் இது காப்பாற்றும். எனவே முதலில் படம். பிறகு ஊசிமுனையில் கொஞ்சம் எடுத்துச் சுத்தமான குப்பியில் போட்டு எண் எழுதுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வெள்ளை கெட்டியாக, ஓட்டின் மேற்பரப்பு முழுக்கவும் பரவியிருந்தால் அது சுண்ணாம்புப் படிவு. அமிலம் ஊற்றிக் கரைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஓட்டின் மண்ணிலேயே சுண்ணாம்பு இருந்தால் தடமும் சேர்ந்து கரையும். அதைப் பாதுகாப்பு வேதியியல் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

சிலிக்கோன் கெட்டியாகவில்லை, பிசுபிசுவென்று இருக்கிறது

இதில் நான் ஒரு வாரம் இழந்தேன். சிலிக்கோன் புதியது, கலந்த அளவும் சரி, ஆனாலும் பிசுபிசுத்தது. காரணம் என் கையுறை. ரப்பர் கையுறையில் இருக்கும் கந்தகம், இந்த வகைச் சிலிக்கோன் இறுகுவதைத் தடுத்துவிடும். விரல் பட்ட இடம் மட்டும் இறுகாமல் நிற்கும். நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள், அல்லது வெறுங்கையை நன்றாகக் கழுவிக்கொண்டு செய்யுங்கள். சிலிக்கோன் வழியாமல் இருக்கக் குழியைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணால் கரை கட்டுவதும் அதே தொல்லையைத் தரலாம். சிலவற்றில் கந்தகம் உண்டு.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு: குழிக்குள் இறங்கும் முன்பே இறுகிவிடுவது. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் இந்த வேலை வேண்டாம். சிலிக்கோனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து, விடியற்காலையில் செய்தால் கூடுதல் நேரம் கிடைக்கும்.

வார்ப்பில் குண்டூசித் தலைபோல் மேடுகள் அல்லது பள்ளங்கள்

இதற்கு இரண்டு காரணம். ஓட்டின் குழிக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் சிலிக்கோனுக்குள் ஏறினால் வார்ப்பில் பள்ளம் விழும். ஓட்டிலேயே இருக்கும் நுண்துளைகளுக்குள் சிலிக்கோன் இறங்கினால் மேடு எழும். இரண்டையும் தானியத்தின் மேற்பரப்பு என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் இளகிய வகைச் சிலிக்கோனை மூங்கில் குச்சியால் குழியின் ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக ஓடவிடுங்கள். நிரம்பியபின் அதன்மேல் கெட்டியான வகையை வையுங்கள். ஒரே தடத்துக்கு இரண்டு வார்ப்பு எடுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பது மட்டும்தான் தடம்.

வார்ப்பு எடுத்த இடத்தில் ஓட்டில் எண்ணெய்க் கறை

சரியாக வேகாத புதிய கற்கால ஓடுகள் சிலிக்கோனில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கறை போகாது. வார்ப்பதற்கு முன் அசிட்டோனில் மிக நீர்க்கக் கரைத்த பேரலாய்ட் பி-72 என்ற பிசினைப் பூசி, முழுதும் உலரவிட்டு, பிறகு வார்த்து, கடைசியில் அசிட்டோனால் அந்தப் பூச்சை எடுத்துவிடலாம். பூச்சு தடித்தால் நுண்வரிகள் நிரம்பிப்போகும். முதலில் தடமில்லாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். விரல்பட்டாலே உதிரும் ஓடு என்றால் வார்ப்பே வேண்டாம், படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நெல் என்று தெரிகிறது, ஆனால் உறுதியில்லை

இந்த வேலையில் நம்பிக்கையோடு பெயர் சொல்ல முடிகிற தானியம் நெல்தான். நெல் உமியை லென்ஸில் பாருங்கள்: சின்னச் சின்ன முண்டுகள் நீளவாக்கில் வரிசை வரிசையாக, சதுரங்கக் கட்டம்போல் இருக்கும். நீளமாக ஓடும் நரம்புகளும் தெரியும். அந்தக் கட்ட அமைப்பு வார்ப்பில் வந்துவிட்டால் நெல். வராவிட்டால், வடிவம் எவ்வளவு ஒத்துப்போனாலும் "நெல் போன்றது" மட்டுமே.

அடுத்த கேள்வி: விதைத்த நெல்லா, காட்டு நெல்லா? இதற்கு மணியின் உடம்பைப் பார்த்துப் பயனில்லை, அடியைப் பாருங்கள். கதிரோடு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். காட்டு நெல் பழுத்தால் தானாக உதிரும். அதன் தழும்பு வழவழப்பாக வட்டமாக இருக்கும். மனிதன் பயிராக்கிய நெல் தானாக உதிராது, அடித்துப் பிரிக்க வேண்டும். அதன் தழும்பு பிய்த்ததுபோல் சொரசொரப்பாக, நடுத்துளை பெரிதாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். காயாக அறுத்த நெல்லில் காம்பின் துண்டு துருத்திக்கொண்டு நிற்கும், அது எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

இந்தத் தழும்பு எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்கு ஆப்பிரிக்காவில் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கிழக்குச் சூடானில் கசாலா பக்கம் வெகுகாலம் முன்பே தோண்டி எடுத்து வைத்திருந்த பானை ஓடுகளை மறுபடி எடுத்து, தடங்களுக்கு வார்ப்பு எடுத்துப் பார்த்தார்கள். கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த சோளத்தின் தடங்கள். தழும்புகளில் சில வழவழப்பு, சில பிய்ந்தவை. காட்டுச் சோளம் பயிராக மாறிக்கொண்டிருந்த நேரத்தில் பானை செய்திருக்கிறார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வு, சோளம் எப்போது பயிரானது என்ற பழைய விவாதத்தையே நகர்த்தியது. கம்புக்கும் அப்படித்தான்: மாலி நாட்டின் சுமார் 4,500 வருடப் பழைய ஓடுகளில் இருந்த பதரின் தடம்தான் முக்கியச் சான்று. நாம் சாப்பிடும் சோளமும் கம்பும் பயிரான கதை பானை ஓட்டில் எழுதியிருந்தது. நம் அலமாரிகளில் தூங்கும் ஓட்டுப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவு வரும்.

சின்ன உருண்டைத் தடம்: கேழ்வரகுதானே?

இங்கேதான் நான் மோசமாக வழுக்கினேன்.

எங்கள் பக்கம் கேவுரு என்றால் கூழ், களி, சின்ன வயது எல்லாம் சேர்ந்த சொல். ஓர் ஓட்டின் உள்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் உருண்டைத் தடங்கள் கொத்தாக இருந்தன. கேழ்வரகு என்று எழுதினேன். மாணவர்களுக்கு அப்படியே சொல்லியும் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து நல்ல நுண்ணோக்கி கிடைத்து அதே வார்ப்பைப் பார்த்தபோது, உருண்டையின் முதுகில் குறுக்கே மெல்லிய அலைவரிகள் ஓடின. உமியின் வரிகள். கேழ்வரகு அடித்தாலே பெரும்பாலும் உமியை விட்டுவிட்டு வெறும் மணியாக உதிரும். மணியின் மேற்பரப்பு நுண்புள்ளி வைத்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும், வரி இருக்காது. வரியோடு இருந்தது வேறு ஏதோ உமியுள்ள சிறுதானியம். மாணவர்களைத் தேடிப் பிடித்துத் திருத்திச் சொன்னேன்.

இந்தத் தவறு பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. கர்நாடகத்தின் ஹல்லூரில் கிடைத்த கருகிய மணிகளைக் கேழ்வரகு என்று 1970-களில் தாவரத் தொல்லியலாளர் விஷ்ணு-மித்ரே அடையாளம் சொன்னார். கேழ்வரகு ஆப்பிரிக்காவில் பயிரானது. அது எப்போது இங்கே வந்தது என்ற கேள்விக்கு அந்த மணிகள் ஆதாரமாயின. பின்னாளில் அதே துறையைச் சேர்ந்த டோரியன் ஃபுல்லர் அப்படிப்பட்ட பழைய அடையாளங்களை மறுபடி சோதித்தார். அவற்றில் பல, உமியோடு கருகிய உள்நாட்டுச் சிறுதானியங்களாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினார். தென்னிந்தியப் புதிய கற்காலத்தின் முக்கியப் பயிர்கள் என்று அவரும் ரவி கொரிசெட்டர் முதலானவர்களும் சேர்ந்து முன்வைத்த பட்டியல் நான்கு: பச்சைப்பயறு, கொள்ளு, கன்னடத்தில் கொரலெ என்று சொல்லும் குலசாமை, அப்புறம் தினையின் உறவான ஒரு காட்டுப்புல். இதில் கேழ்வரகு இல்லை. பையம்பள்ளிக் கேழ்வரகுப் பதிவையும் இந்த வெளிச்சத்தில் வைத்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

எனவே சின்ன உருண்டை கண்டால் இப்படிப் பிரியுங்கள். புள்ளிச் சொரசொரப்பு மட்டும், வரி இல்லை, உருண்டை: கேழ்வரகாக இருக்கலாம். குறுக்கே அலை அலையாக மடிப்பு: குலசாமை அல்லது அதன் பக்கத்து இனம். வழவழப்பு, மினுமினுப்பு, நீளவாக்கில் மெல்லிய நரம்பு: சாமைப் பக்கம். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிந்து, வட்டமாக, சாமையைவிடப் பெரிது: வரகு. நுண்ணிய முண்டுகள் வரிசையாக: தினைக்கு வாய்ப்பு. காட்டுக் கேழ்வரகின் விதையிலும் மடிப்புகள் உண்டு. வயல் களை அது, களத்துக்கும் வந்துவிடும். ஒப்பீட்டுத் தட்டில் அதற்கும் ஓர் இடம் வையுங்கள்.

கைலென்ஸில் இதைத் தீர்க்க முடியாது. நுண்ணோக்கி கட்டாயம் வேண்டும். முடிந்தால் வார்ப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கி உள்ள கல்லூரிக்கு எடுத்துச் செல்லுங்கள். ஓட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

பயறு போல இருக்கிறது, எந்தப் பயறு?

பயறு ஈரமண்ணில் ஊறிப் பருக்கும். சுற்றிலும் மண்ணில் நட்சத்திரம்போல் வெடிப்பு இருந்தால் உள்ளே முழுப்பயறு இருந்திருக்கிறது என்று நினைக்கலாம். பெயர் சொல்ல விதைத்தழும்பு, அதாவது காயோடு ஒட்டியிருந்த இடம், தெரிய வேண்டும். உளுந்தில் அது மேடாக, சுற்றிலும் கரை கட்டியதுபோல் இருக்கும். பச்சைப்பயறில் அந்த மேடு இல்லை. கொள்ளு தட்டை, ஓரளவு சிறுநீரக வடிவம், தழும்பு சிறியது, விளிம்பின் நடுப்பக்கம். தழும்பு மண்ணுக்குள் திரும்பி விழுந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம் அவ்வளவுதான். "பயறு வகை" என்று எழுதுங்கள்.

அளவு ஒத்துப்போகவில்லை

ஒத்துப்போகாது. களிமண் காய்ந்து வேகும்போது பொதுவாக நீளத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும், மண்ணைப் பொறுத்து. இன்னொரு பக்கம், தானியம் ஈரமண்ணில் ஊறிப் பெருத்திருக்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும். அதனால் தடத்தின் அளவைப் புத்தகத்தில் உள்ள தானிய அளவோடு நேராக ஒப்பிடாதீர்கள். கருகிய மணியின் அளவோடும் ஒப்பிடாதீர்கள், அது வேறு விதமாகச் சுருங்கியது. அதே ஊர் மண்ணில் சுட்ட உங்கள் தட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் அளவைவிட நம்பிக்கையானது.

தானியம்தான், ஆனால் கால் இருக்கிறது

வண்டு. தானியக் கிடங்கில் இருக்கும் கூன்வண்டு மண்ணில் மாட்டினால் சின்னத் தானியம்போல் தடம் விடும். முதுகில் கோடுகள், ஒரு முனையில் மூக்கு நீட்டம், சில சமயம் கால் தடம். ஜப்பானில் ஓபாடா ஹிரோகி இப்படிப்பட்ட வண்டுத் தடங்களையே ஆராய்ச்சியாக்கினார். ஹொக்கைடோவில், ஜப்பானின் பழங்காலமான ஜோமோன் காலத்துப் பானை ஒன்றிலேயே சுமார் 500 வண்டுகளின் தடம் கிடைத்தது. அங்கே சேமித்து வைத்த உணவு இருந்தது என்பதற்கு வண்டே சாட்சி. தானியம் இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள்.

சுண்டெலிப் புழுக்கையும் தானியம்போல் தடம் விடும். அதில் வரி இருக்காது.

வரிசை வரிசையாக ஒரே அளவுக் குழிகள்

பாய், கயிறு, கூடை. ஈரப்பானையைப் பாயில் வைத்திருக்கிறார்கள், அல்லது கயிற்றால் அழுத்தி அலங்கரித்திருக்கிறார்கள். தானியம் ஒருபோதும் சம இடைவெளியில் விழாது. பாயின் தடமும் தாவரத் தடமே. கோரையா, ஓலையா என்று பார்க்கலாம். அது தனிக் கதை.

தடத்தின் விளிம்பு புதிதாக இருக்கிறது

சுடும்முன் விழுந்த தடத்தின் விளிம்பில் மண் கொஞ்சம் உருண்டு நிற்கும். உள்சுவரின் நிறம் ஓட்டின் நிறமாகவோ கறுப்பாகவோ இருக்கும். விளிம்பு சிலும்பியிருந்து, உள்ளே வெளிர்நிறம் தெரிந்தால் அது மண்வெட்டியோ வேரோ செய்த காயம். கரையானும் ஓட்டின் வெடிப்பில் வழி போடும்.

எங்கும் உமி, மணி ஒன்றுகூட இல்லை

இது பிழை இல்லை. குயவர் வேண்டுமென்றே உமி கலந்திருக்கிறார், அல்லது சாணம் கலந்தார், சாணத்தோடு உமி வந்தது. ஓட்டின் குறுக்குவெட்டில் நடுவே கறுப்புப் பட்டை தெரிந்தால் உள்ளே கலந்த தாவரம் முழுதும் எரியாமல் கரியானது என்று கொள்ளலாம். அந்தக் கரியைக் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்புக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். கவனம் தேவை: களிமண்ணிலேயே பழைய கரிமம் இருக்கும், வயது கூடிவரும்.

இங்கே ஒரு சாய்வையும் மனதில் வையுங்கள். நெல் குத்தினால் மலைபோல் உமி குவியும். அதைத்தான் மண்ணில் கலப்பார்கள். கேழ்வரகில் அப்படிக் குவிய எதுவும் இல்லை. எனவே ஓடுகளில் நெல் உமி நிறைந்திருந்தால் அந்த ஊர் நெல்லையே தின்றது என்று பொருளில்லை. தடம் சொல்வது பானை வனைந்த இடத்தில் எது கிடந்தது என்பதை. அடுப்பில் எது வெந்தது என்பதை அறிய, அதே அடுக்கின் மண்ணை நீரில் மிதக்கவிட்டுக் கருகிய மணிகளைத் தேட வேண்டும். பானை வேறு ஊரிலிருந்து சந்தைக்கு வந்ததாகவும் இருக்கலாம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சமையலுக்குச் சரி. ஒரு ஊரின் விவசாயத்துக்கு ஒரு தடம் பதமாகாது. எத்தனை ஓடு பார்த்தீர்கள், எத்தனையில் தடம், எத்தனையில் பெயர் சொல்ல முடிந்தது என்று மூன்று எண்ணையும் எழுதுங்கள். தடம் இல்லாத ஓடுகளை எண்ணாமல் விடுவதுதான் நம் பதிவுகளில் பெரிய ஓட்டை.

தடம் ஓட்டுக்கு உள்ளே புதைந்திருக்கிறது

உடைக்கக் கூடாது. தெற்கு வியட்நாமின் புதிய கற்கால ஓடுகளை, உள்ளே இருப்பதை மிக நுணுக்கமாகக் காட்டும் நுண்-சி.டி. எடுத்து, உள்ளே புதைந்த நெல்லின் அடித்தழும்பு வரை உடைக்காமல் பார்த்தார்கள். அந்த ஆய்வும் 2017-இல்தான் வந்தது. வேலூரில் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லையே, அங்கே சி.டி. எடுத்தால் என்ன என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். மனிதருக்கான சி.டி.யின் கூர்மை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது மைக்ரான் கணக்கு. அதற்குரிய கருவி உள்ள ஆய்வுக்கூடத்தோடு தொடர்பு கிடைக்கும்வரை ஓட்டைப் பத்திரமாக வையுங்கள்.

எதிலும் அடங்கவில்லை

அப்படியானால் எந்தப் படி வரை உறுதியோ அந்தப் படியில் நிறுத்துங்கள்: தாவரம், புல்லினம், சிறுதானியம், உமியுள்ள சிறுதானியம். அட்டையில் அதையும், ஏன் அங்கே நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். வார்ப்பை ஓட்டின் எண்ணோடு தனிப் பெட்டியில், வெயில் படாமல் வையுங்கள். அடுத்து வருபவர் உங்கள் பெயரை நம்ப வேண்டியதில்லை, வார்ப்பைப் பார்த்துக்கொள்வார்.

நான் கேழ்வரகு என்று எழுதிய அந்த ஓட்டின் அட்டையில் இப்போது பழைய பெயரின் மேல் ஒரு கோடு இருக்கிறது. கீழே "உமியுள்ள சிறுதானியம், குறுக்கு அலைவரி, அடித்தழும்பு தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறேன். குலசாமை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. என் தட்டில் குலசாமை இல்லை. ஆந்திர எல்லைப் பக்கத்து நண்பர் ஒருவர் கதிரோடு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் குடியாத்தத்து அண்ணனிடம் இன்னொரு தட்டு சுடச் சொல்ல வேண்டும்.